பழைய வில்லையும் புதிய படக்கருவியும்

ஒரு கருவியின் ஆயுள் அது எப்பொருளால் ஆயது என்பதைப் பொறுத்தது என்று பொதுவாகக் கூறுவர். அது பிறிதொன்றோடு எவ்வாறு பொருந்துகிறது என்பதும் அதே அளவு கருதத்தக்கதாகும். பூட்டும் பொருத்தும் பொதுவாக இருந்தால் கருவி தலைமுறை கடந்து வாழ்கிறது. தனக்கென ஒரு பூட்டு வைத்துக்கொண்ட கருவி தன் காலத்தோடு மடிந்து போகிறது. இவ்வுண்மையை விளக்குதற்கு நிழற்படக் கலையின் வரலாறு மிகச் சிறந்த சான்றாகும்.

லென்ஸ் என வழங்கும் கண்ணாடி வில்லையே படக்கருவியின் கண். 1950களிலும் 1960களிலும் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் சோவியத் நாட்டிலும் செய்யப்பட்ட வில்லைகள் இன்றும் பழைய அலமாரிகளிலும் பழம்பொருட் சந்தைகளிலும் கிடைக்கின்றன. அவற்றுக்கென அமைந்த கருவிகள் பழுதாகிவிட்டன. அவற்றில் இடும் பிலிமும் அரிதாகிவிட்டது. ஆயினும் அடாப்டர் எனப்படும் ஓர் உலோக வளையத்தை இடையே வைத்தால், அவ்வில்லைகளுள் பல இன்றைய டிஜிட்டல் படக்கருவியில் பழுதின்றி வேலை செய்கின்றன. அறுபது ஆண்டு மூத்த கண், நேற்றுப் பிறந்த கருவிக்குள் உலகைக் காட்டுகிறது.

பேரா மாநிலத் தமிழர்க்கு இது பொழுதுபோக்கு என்ற அளவில் முடிந்துவிடும் செய்தியன்று. தோட்ட வாழ்வின் காட்சிச் சான்றுகளுள் எவை எஞ்சும், அவற்றை யார் எஞ்சவைப்பர் என்னும் வினா இதனோடு பிணைந்துள்ளது.

வில்லை பேராவுக்கு வந்த கதை

பிரான்சு நாட்டுத் தாகேரின் நிழற்பட முறை 1839ஆம் ஆண்டு உலகறிய வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டே, வியன்னாவில் வாழ்ந்த யோசெப் பெட்ஸ்வால் என்னும் கணித அறிஞர், மனித முகத்தை விரைந்து பதிக்கவல்ல ஒளிமிக்க வில்லை ஒன்றைக் கணக்கிட்டு வகுத்தார். மூன்றே ஆண்டுகளில், அதாவது 1843இல், சிங்கப்பூரில் விடுதி நடத்திவந்த காஸ்டன் துத்ரோன்குவா என்பவர் முகவுருப் படம் எடுத்துத் தருவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். நிழற்படம் மலாய் மண்ணை எய்துதற்கு நெடுங்காலம் ஆகவில்லை என்பது இதனால் விளங்கும்.

பேராவின் இரப்பர் வரலாறு 1877இல் தொடங்குகிறது. இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்த இருபத்திரண்டு கன்றுகளுள் ஒன்பது, பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்தில் கோலகங்சாரில் நடப்பட்டன. அம்மரங்களுள் ஒன்று இன்றும் அவ்வூரில் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் கித்தாக் காடுகள் பெருகின. கங்காணிகளின் பின்னே தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறி வந்தன. படக்கருவியும் அதே காலத்தில் தோட்டங்களுக்குள் புகுந்தது. சுமத்திராவின் மேடான் நகரில் நிழற்பட நிலையம் நடத்திய ஜெர்மானியர் கிளைங்குரோத்தே, 1907இல் மலாய்த் தீபகற்பத்தின் நகர்களையும் ஈயச் சுரங்கங்களையும் இரப்பர்த் தோட்டங்களையும் காட்டும் பெரியதோர் படத்தொகுதியை வெளியிட்டார். அக்காலத்துத் தொழில்முறை நிழற்படங்களுள் அது தலைசிறந்தவற்றுள் ஒன்று.

ஆனால் அக்காலப் படங்களில் தமிழன் எவ்வாறு தோன்றினான் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மரத்தின் பருமனைக் காட்ட அருகே நிறுத்தப்பட்ட அளவுகோலாகவும், பால் வாளியோடு வரிசையில் நிற்கும் ஆள்பலமாகவும் தோன்றினான். அஞ்சலட்டைகளின் கீழே ‘தமிழ்க் கூலிகள்’ என்று அச்சிட்டனர், பெயர் அச்சிடவில்லை. துரையின் பங்களாவுக்கு முகவரி உண்டு. லயத்து வீட்டுக்கு இல்லை. வில்லை பொய் சொல்லவில்லை. அதனை எங்குத் திருப்புவது என்று முடிவு செய்த கை வேறொருவருடையதாக இருந்தது.

அடையாள அட்டையின் முகங்கள்

தொழிலாளியின் முகத்தைத் தனித்தனியே, பெயரோடு பதிவு செய்த பெருநிகழ்ச்சி ஒன்று 1948இல் நேர்ந்தது. அவ்வாண்டு ஜூன் 16ஆம் நாள், பேராவின் சுங்கை சிப்புட் அருகே எல்பில் தோட்டத்திலும் அதனையடுத்த பின் சூன் தோட்டத்திலும் ஐரோப்பியத் தோட்ட அலுவலர் மூவர் கொல்லப்பட்டனர். அதனைத் தொடர்ந்து நாடெங்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வைத்திருத்தல் வேண்டும் என்று விதி பிறந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினர் அவ்வட்டைகளைப் பறித்து அழிக்க முற்பட்டதும் வரலாறு.

காவலுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடே அது. எனினும் அதன் விளைவு காவலோடு நிற்கவில்லை. கூட்டமாக மட்டுமே படத்தில் தோன்றிவந்த மக்கள், ஒருவர் ஒருவராக வில்லையின் முன் நின்றனர். பிற்காலத்தில் நீல அட்டையா சிவப்பு அட்டையா என்னும் கேள்வி குடும்பங்களின் வாழ்வையே அசைத்தபோது, அட்டையில் ஒட்டியிருந்த அச்சிறு முகம் குடியுரிமை வழக்கின் சான்றாயிற்று. சிறு நகரங்களில் நிழற்பட நிலையங்கள் செழித்தன. திருமணம், பள்ளி ஆண்டுவிழா, தீமிதி, இறுதி ஊர்வலம் என்று தோட்ட மக்களும் தாமே பணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கினர். இன்று கைம்மாறி வரும் பழைய வில்லைகளுள் பல, அக்காலத்தைச் சேர்ந்தவை.

ஒரு மில்லிமீட்டரின் வரலாறு

இனி, பழைய வில்லை புதிய கருவியில் பொருந்துவது எவ்வாறு என்பதைக் காண்போம். வில்லை தான் காணும் பொருளின் உருவைத் தனக்குப் பின்னே குறித்ததொரு தொலைவில் வீழ்த்துகிறது. அத்தொலைவில் பிலிம் இருத்தல் வேண்டும். டிஜிட்டல் கருவியில் ஒளியை ஏற்கும் மின்தகடு இருத்தல் வேண்டும். ஆகவே, வில்லை வந்து அமரும் பொருத்துமுகத்துக்கும் படம் விழும் தளத்துக்கும் இடையிலுள்ள தொலைவை, ஒவ்வொரு கருவியும் மயிரிழை பிசகாமல் காத்தல் வேண்டும்.

ஜெர்மனியில் ஆஸ்கார் பார்னாக் வகுத்த லைக்கா என்னும் சிறு படக்கருவி 1925இல் விற்பனைக்கு வந்தது. 1930இல் அதன் வில்லையைக் கழற்றி மாற்றும் வசதி அளிக்கப்பட்டது. எனினும் தொடக்கத்தில் ஒவ்வொரு வில்லையும் ஒரு தனிக் கருவிக்கென்றே சரிபார்த்துத் தரப்பட்டது. ஒருவர் வில்லை மற்றொருவர் கருவியில் சரிவராது. அடுத்த ஆண்டு, 1931இல், அந்நிறுவனம் தொலைவை 28.8 மில்லிமீட்டர் என்று நிலைப்படுத்தியது. திருகின் குறுக்களவு 39 மில்லிமீட்டர். புரி அங்குலத்துக்கு 26. அன்றுமுதல் எந்த லைக்கா வில்லையும் எந்த லைக்கா கருவியிலும் பொருந்தியது. ஜப்பானின் கேனன், நிப்பான் கோகாகு முதலிய நிறுவனங்களும் அதே அளவில் வில்லை செய்தன. ஒரு நிறுவனத்தின் அளவு உலகின் பொதுச்சொத்தாயிற்று.

1954இல் லைக்கா திருகை விட்டு, முடுக்கிப் பூட்டும் புதிய வாயை அமைத்தது. அப்போது தொலைவை 27.8 மில்லிமீட்டராகக் குறைத்தது. இக்குறைவு தற்செயலானதன்று. சரியாக ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள வளையம் ஒன்றை இடையே வைத்தால் பழைய திருகு வில்லை புதிய கருவியிலும் பணிபுரியும். அவ்வளையத்தையும் அந்நிறுவனமே விற்றது. பழைய வாடிக்கையாளரைக் கைவிடாமல் புதுமை செய்யலாம் என்பதற்கு அந்த ஒரு மில்லிமீட்டர் சான்று.

இதற்கிடையே 1949இல் டிரெஸ்டன் நகரிலிருந்து, உள்ளே ஒரு நிலைக்கண்ணாடி வைத்து வில்லை காண்பதையே கண்ணுக்குக் காட்டும் கருவிகள் 42 மில்லிமீட்டர் திருகோடு வெளிவந்தன. கண்ணாடி எழுந்து அமர இடம் வேண்டுமாதலின் அவற்றின் தொலைவு 45.46 மில்லிமீட்டர். 1957இல் ஜப்பானின் பென்டாக்ஸ் அதே திருகை ஏற்றது. 1975இல் அது முடுக்கு வாய்க்கு மாறியபோதும் தொலைவை மாற்றவில்லை. நிக்கான் 1959இல் வகுத்த 46.5 மில்லிமீட்டரை நிலைக்கண்ணாடிக் கருவிகளில் அறுபது ஆண்டுக்கு மேலாகக் காத்துவந்தது.

கேனன் வேறு வழி சென்றது. அதன் முந்தைய கருவிகளின் தொலைவு 42 மில்லிமீட்டர். 1987இல் தானே குவியம் பிடிக்கும் மின் வில்லைகளுக்காக அது முற்றும் புதிய வாயை, 44 மில்லிமீட்டர் தொலைவோடு, அமைத்தது. பழைய வில்லை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே சென்றாலன்றித் தொலைப்பொருள் தெளியாது. உள்ளே செல்ல இடமில்லை. நல்ல கண்ணாடிகள் பல ஒரே நாளில் அனாதைகளாயின. தொழில்நுட்ப நோக்கில் அம்மாற்றம் பயன் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. விலை கொடுத்தவர் பழைய வில்லை வைத்திருந்தவர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

கழித்தல் கணக்கு

அனாதைகளுக்கு வாழ்வு 2008இல் வந்தது. ஒலிம்பஸ், பானாசோனிக் ஆகிய இரு நிறுவனங்களும் கூடி, உள்ளிருந்த நிலைக்கண்ணாடியை நீக்கிய டிஜிட்டல் முறையை அறிவித்தன. பானாசோனிக் அவ்வாண்டே முதற் கருவியை வெளியிட்டது. கண்ணாடி போனதால் தொலைவு ஏறத்தாழ 19 மில்லிமீட்டராகச் சுருங்கிற்று. 2010இல் சோனி 18 மில்லிமீட்டரோடும், 2018இல் நிக்கான் 16 மில்லிமீட்டரோடும், கேனன் 20 மில்லிமீட்டரோடும் புதிய கருவிகளைக் கொணர்ந்தன. கருவி ஒடுங்க ஒடுங்க, வளையத்துக்கு இடம் பிறந்தது.

இதன் கணக்கு பள்ளிச் சிறுவனும் போடக்கூடியது. பழைய வில்லையின் தொலைவிலிருந்து புதிய கருவியின் தொலைவைக் கழித்தால் வளையத்தின் நீளம் கிடைக்கும். 42 மில்லிமீட்டர் திருகு வில்லையைச் சோனியில் பொருத்த 45.46லிருந்து 18ஐக் கழிக்க, 27.46 மில்லிமீட்டர். 1987இல் கைவிடப்பட்ட கேனன் வில்லைக்கு 24 மில்லிமீட்டர். பழைய லைக்கா திருகுக்கு 10.8 மில்லிமீட்டர். கழித்த விடை நேர்ம எண்ணாக இருக்கும்வரை வளையத்தில் கண்ணாடி ஏதும் வேண்டுவதில்லை. வெறும் உலோகக் குழாயே போதும். வளையம் அளவினும் நீண்டுவிட்டால் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகள் ஒருபோதும் தெளிவுறா. சற்றே குறுகினால் வில்லையின் எல்லைக்குறி சிறிது பிசகுமேயன்றிக் குன்றுகள் தெளிவாகவே விழும். மலிவான வளையங்கள் பெரும்பாலும் சற்றுக் குறுகலாகச் செய்யப்படுவதன் காரணம் இதுவே.

எல்லாப் பழைய வில்லைகளும் இவ்வாறு மறுவாழ்வு பெறா. இரட்டை வில்லைப் பெட்டியான ரோலைபிளெக்ஸ் போன்றவற்றில் வில்லை கருவியோடு நிலையாகப் பிணைக்கப்பட்டது. அதன் கண்ணாடி எவ்வளவு சிறந்ததாயினும் கருவி போனால் அதுவும் போயிற்று. கழற்றத்தக்கதே பிழைக்கிறது.

கைப்பழக்கம்

வளையம் வெறுங்குழாய் ஆதலின் கருவியும் வில்லையும் பேசிக்கொள்வதில்லை. வில்லை இல்லாதபோதும் இயங்குமாறு கருவியை முதலில் அமைத்தல் வேண்டும். ஒளித்துளையை வில்லையின் மேலுள்ள வளையத்தால் கையே திருப்புதல் வேண்டும். குவியத்தையும் கையே பிடித்தல் வேண்டும். துளையை முழுதும் திறந்து, திரையில் உருவைப் பெரிதாக்கி, கண்ணிமையோ கோபுரத்து வண்ணக்கோடோ தெளிந்தபின் துளையைச் சுருக்கிப் படமெடுப்பது வழக்கம். தெளிவான விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் வசதியும் பல கருவிகளில் உண்டு. கைந்நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்புடைய கருவிக்கு வில்லையின் குவியத் தொலைவை எண்ணால் அறிவித்தல் வேண்டும்.

மின்தகட்டின் அளவையும் கருதுதல் வேண்டும். பாதி அளவுள்ள தகட்டில் 50 மில்லிமீட்டர் வில்லை, 100 மில்லிமீட்டர் வில்லை காட்டும் ஒடுங்கிய காட்சியையே காட்டும். பழைய பிலிமின் முழு அளவுத் தகட்டைக் கண்ணாடியில்லாக் கருவியில் சோனி 2013இல் அளித்தபின்பே, அவ்வில்லைகள் தம் முழுப் பார்வையையும் மீண்டும் பெற்றன. பிலிமுக்கு மிக அருகே அமருமாறு வகுத்த சில அகல்பார்வை வில்லைகள் மட்டும், தகட்டின் மேல் சரிந்து விழும் கதிர்களால் ஓரங்களில் நிறம் பிறழக் காண்கின்றன.

ஈரமும் பூஞ்சையும்

குளிர்நாட்டில் செய்த வில்லைக்கு வெப்பநாட்டில் ஒரு பகை உண்டு. அது பூஞ்சை. இரண்டாம் உலகப் போரில் நியூகினிக் காடுகளில் ஆஸ்திரேலியப் படையினரின் தொலைநோக்கிகள் பூஞ்சையால் மங்கிப் பயனிழந்தன. மெல்போர்ன் அறிஞர்கள் அதனைத் தனி ஆய்வுக்கே எடுத்துக்கொண்டனர். பேராவின் நிலையும் அதனினும் மிக வேறன்று. தைப்பிங் வட்டாரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெறுகிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபதைத் தாண்டி நிற்கும் இடத்தில், வில்லையின் உள்ளே வெள்ளை நூல்போலப் பூஞ்சை படர்கிறது. அது சுரக்கும் அமிலம் மேற்பூச்சையும் பின்னர்க் கண்ணாடியையும் அரிக்கிறது.

ஆகவே பழைய வில்லையை வாங்குவோர் அதனைக் கைவிளக்கின்முன் பிடித்து உட்புறம் நோக்குதல் வேண்டும். தோலுறை அழகாயினும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதனுள் அடைத்தல் கேடு. காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்து, நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையே ஈரப்பதத்தைக் காப்பது நன்று. அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவதும் காப்பே. பூட்டி வைத்த வில்லையே முதலில் கெடுகிறது.

தோட்டங்கள் மறையும் காலம்

இக்கண்ணாடிகள் காண எஞ்சியிருப்பது என்ன என்பது அடுத்த வினா. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியர் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் துண்டுதுண்டாகப் பிரித்தனர். உங்கு அசீஸ் தலைமையில் நடந்த ஆய்வு, 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலை விரித்துரைத்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவி, தொழிலாளரின் சிறு தவணைகளைத் திரட்டித் தோட்டங்களை வாங்கச் செய்தார். ஆயினும் வெள்ளம் பெரிது. பின்வந்த ஆண்டுகளில் கித்தா அழிந்து செம்பனை எழுந்தது. செம்பனையும் அழிந்து வீட்டுமனைகள் எழுந்தன. லயங்கள் இடிந்தன, தோட்டப் பள்ளிகள் பல மூடப்பட்டன அல்லது இடம் பெயர்ந்தன. சிற்சில இடங்களில் ஒரு மாரியம்மன் கோயிலும் ஓர் அரசமரமும் மட்டுமே ஊர் இருந்ததற்கு அடையாளம்.

எஞ்சிய கோயிலையும் பால் கொட்டகையையும் முதியோர் முகத்தையும் இன்றே பதிவு செய்தல் கடன். அதற்குப் பழைய வில்லைதான் வேண்டும் என்பதில்லை, கைப்பேசியும் போதும். எனினும் புதிய வில்லையின் விலை எட்டாத இளைஞனுக்கு, குறைந்த செலவில் நல்ல கண்ணாடியைப் பழைய வில்லை தருகிறது. விரைந்து சுடாமல் நின்று நோக்கும் பழக்கத்தையும் கற்பிக்கிறது. மங்கலான பழமைச் சாயலுக்காக மட்டும் அதனைப் போற்றுவாரும் உளர். அது தவறு. கூசும் ஒளியும் மங்கிய ஓரமும் அழகாகலாம். சான்றுக்கு அழகினும் தெளிவே முதன்மை. துளையை இரண்டு மூன்று படி சுருக்கி, நிழல்மூடி இட்டால் நல்ல பழைய வில்லைகள் இன்றும் நடுவும் ஓரமும் தெளிவாகவே பதிக்கும்.

அச்சிட்ட கண்ணே மீண்டும் படிக்கிறது

புதிய படங்களினும் அவசரமானவை பழைய நெகட்டிவ்கள். அசிடேட் என்னும் பொருளால் ஆன பிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதைந்து, காடி நாற்றம் வீசி, சுருண்டு போகும். நிழற்பட நிலையங்கள் மூடப்படும்போது நெகட்டிவ் பெட்டிகள் குப்பைக்குச் செல்கின்றன. அவற்றோடு திருமணங்களும் பள்ளி வகுப்புகளும் ஊரே திரண்ட திருவிழாக்களும் செல்கின்றன.

இங்குத்தான் பழைய வில்லையின் பயன் முழுமை பெறுகிறது. இருட்டறையில் நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிட்ட என்லார்ஜர் கருவிகளின் வில்லைகள் பெரும்பாலும் அதே லைக்கா திருகை, 39 மில்லிமீட்டரும் அங்குலத்துக்கு 26 புரியும் கொண்ட அத்திருகை, உடையவை. நிக்கானின் எல்-நிக்கோர், ஷ்னைடரின் கொம்போனான் முதலியன அவ்வகையின. தட்டையான நெகட்டிவை ஓரம்வரை தெளிவாகக் காட்டவே அவை வகுக்கப்பட்டன. குவியம் திருப்பும் அமைப்பு அவற்றுக்கு இல்லை. ஆதலின் துருத்தி ஒன்றில் பொருத்தி, வளையத்தின் வழியே டிஜிட்டல் கருவியோடு இணைத்தல் வேண்டும். சீரான வெள்ளொளிப் பலகையின்மேல் நெகட்டிவை வைத்துப் படமெடுத்து, கணினியில் கருப்பை வெளுப்பாக மாற்றினால், மறைந்த முகம் மீண்டும் எழுகிறது.

எந்த வில்லையின் வழியே அம்முகங்கள் ஒருகால் தாளில் அச்சேறினவோ, அதே வகை வில்லை அவற்றை மீண்டும் மீட்கவல்லதாய் உள்ளது. 1931இல் ஒரு தொழிற்சாலை தன் அளவைப் பொதுவாக்கியதன் பயன், தொண்ணூறு ஆண்டு கழித்து ஈப்போவின் ஒரு வீட்டு மேசைமேல் வந்து கிடைக்கிறது. வளையம் எளிது, கணக்கும் எளிது. அரியது நெகட்டிவ் பெட்டியைக் குப்பைக்கு அனுப்பும் முன் திறந்து பார்க்கும் மனம் ஒன்றே. பெட்டியைத் திறந்தபின் செய்யத்தக்க முதல் வேலை, படத்தில் உள்ளவரை அறிந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே அவர்தம் பெயர்களைக் கேட்டு எழுதிவைத்தலாகும். 1907இன் அஞ்சலட்டை எழுதாமல் விட்ட வரி அதுவே.